கொண்டான் கொடுத்தான் ஸ்பானிய மொழியில்

ஸ்பானிய மொழிப் பாடநூல்கள் உறவுப்பெயர்களைப் பட்டியலாகத்தான் தருகின்றன. இடப்பக்கம் ஸ்பானியச் சொல், வலப்பக்கம் ஆங்கிலச் சொல். படிக்கிற தமிழர் பென்சிலால் மூன்றாவதாக ஒரு தமிழ்ச் சொல்லைச் சேர்த்து மனப்பாடம் செய்கிறார். எண்களுக்கும் கிழமைகளுக்கும் இது போதும். உறவுப்பெயர்களுக்கு, அதிலும் கல்யாணத்தால் வந்து சேரும் உறவுகளுக்கு, இந்த முறை உதவாது என்பதே இந்த அத்தியாயத்தின் வாதம். ஒரே குடும்பத்தைப் பார்த்துத் தமிழும் ஸ்பானியமும் வெவ்வேறு கேள்விகள் கேட்கின்றன. தாய்வழியா தந்தைவழியா, மூத்தவரா இளையவரா, கட்டிக்கொள்கிற முறையா இல்லையா என்று தமிழ் கேட்கிறது. ஸ்பானியம் கேட்பது எத்தனை தலைமுறை தள்ளி, ரத்த உறவா கல்யாண உறவா என்பதை மட்டுமே. முதலில் இந்தக் கேள்வி பிடிபட வேண்டும். பிறகு கற்க வேண்டிய சொற்கள் ஒரு கைக்குள் அடங்கும். கேள்வி பிடிபடாமல் சொற்களை மட்டும் கற்றவர், ஒவ்வொரு முறை வாய் திறக்கும்போதும் தமிழ்க் கேள்விக்கு ஸ்பானிய விடை தேடித் தடுமாறுவார்.

உச்சரிப்பைப் பற்றி முன்கூட்டியே ஒரு வார்த்தை. தமிழ் எழுத்து இந்த மொழிக்கு எதிர்பாராத அளவுக்கு ஒத்துவருகிறது. தலையில் அலைக்கோடு போட்ட ஸ்பானிய எழுத்தின் ஒலி நம்முடைய ஞ-வின் ஒலிதான். உயிரெழுத்துகளுக்கு நடுவே வரும் மெல்லிய ‘த’ நாம் ‘அது’ என்னும்போது ஒலிக்கிற அதே த. ஆங்கில வழியாக ஒலிகளைக் கற்காமல் இங்கே எழுதியிருப்பதைத் தமிழாகவே வாசித்தால் போதும், பெரும்பாலும் சரியாக வரும்.

மாமனார் சுவெக்ரோ, மாமியார் சுவெக்ரா, மருமகன் யெர்னோ, மருமகள் நுவெரா. நான்கும் லத்தீனிலிருந்து வழிவழியாக வந்த தனிச்சொற்கள். ஆங்கிலத்தில் அப்பா, அம்மா என்ற சொற்களோடு ‘சட்டப்படி’ என்றொரு வாலை ஒட்டினால் மாமனாரும் மாமியாரும் கிடைத்துவிடுவார்கள். ஸ்பானியத்தில் அப்படிக் கட்டத் தேவையில்லை, வேர்ச்சொல்லே வேறு. மாமனார் மாமியார் இருவரையும் சேர்த்துச் சொல்ல ஆண்பால் பன்மையான சுவெக்ரோஸ் போதும். அப்பா அம்மா இருவரும் பாத்ரேஸ், அண்ணன் தங்கை எல்லோரும் எர்மானோஸ் என்று ஆவது இதே விதியால்தான். ‘உங்களுக்கு எர்மானோஸ் இருக்கிறார்களா’ என்று ஒருவர் கேட்டால், சகோதரிகளையும் சேர்த்தே கேட்கிறார். மூன்று தங்கைகள் உள்ளவர் ‘இல்லை’ என்று சொல்லிவிடக் கூடாது. கணவன் வீட்டுப் பெரியவர்களுக்கு ஒரு சொல், மனைவி வீட்டுப் பெரியவர்களுக்கு வேறொரு சொல் என்ற பாகுபாடு எங்கும் கிடையாது. மெக்சிகோவின் கூட்டாட்சிக் குடிமைச் சட்டம் 294ஆம் பிரிவில் கல்யாண உறவை வரையறுக்கும்போது, ஆணுக்கும் பெண்ணின் உறவினருக்கும், பெண்ணுக்கும் ஆணின் உறவினருக்கும் உண்டாவது என்று இரு பக்கத்தையும் ஒரே தட்டில் வைக்கிறது. மொழியிலும் அதே சமன்தான்.

தமிழ் காது இடறுவது இங்கேதான். ‘மாமா’ என்கிற ஒற்றைச் சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். அம்மாவின் தம்பி மாமா. அத்தையின் கணவர் மாமா. பல வீடுகளில் மாமனாரை அழைப்பதும் மாமா என்றுதான். அக்காவின் கணவரும் பல ஊர்களில் மாமா. சில ஊர்களில் மனைவி தன் கணவரையே மாமா என்கிறாள். ஸ்பானியத்தில் இந்த ஐந்து பேரும் முறையே தீயோ, தீயோ பொலீத்திக்கோ, சுவெக்ரோ, குஞாதோ, மரீதோ என்று ஐந்து பேராகவே பிரிந்து நிற்பார்கள். அத்தை, மருமகன் ஆகிய சொற்களுக்கும் இதே கதிதான். அக்காள் மகன் சொப்ரீனோ, மகளைக் கட்டியவன் யெர்னோ. அக்காள் மகனுக்கே மகளைக் கொடுத்திருந்தாலொழிய இரண்டு சொற்களும் ஒருவர்மேல் சேர்ந்து விழாது. தமிழில் இவை ஒன்றாகக் கிடப்பதற்குக் காரணம் தெரிந்ததே. மாமன் மகளையோ அத்தை மகனையோ கட்டிக்கொள்ளும் வழக்கத்தில் அம்மாவின் அண்ணனே மாமனாராகவும் ஆகிறார். திராவிட உறவுப்பெயர்கள் திருமண முறையையே தம் அமைப்பில் பதித்து வைத்திருக்கின்றன என்று பிரெஞ்சு மானிடவியலாளர் லூயி துய்மோன் 1953இல் எழுதிய கட்டுரையில் வாதிட்டார். ஸ்பானியச் சொற்களுக்குப் பின்னால் அப்படி ஒரு திருமண முறை இல்லை. ஸ்பெயினின் குடிமைச் சட்டத்தில் மாமன் மகளைக் கட்டத் தடை இல்லை. ஆனால் தாய்மாமன் அக்காள் மகளைக் கட்ட நீதிபதியின் விலக்கு வேண்டும். சித்தப்பா மகள், மாமா மகள் இருவருமே அந்தச் சட்டத்துக்கு நான்காம் படி உறவு, மொழிக்கு ப்ரீமா. ஒருத்தி தங்கை, ஒருத்தி முறைப்பெண் என்று சொல்ல அங்கே வழியே இல்லை.

குஞாதோ என்ற சொல்லில் சற்று நின்று போக வேண்டும். பெண்பாலில் குஞாதா. கணவனின் அண்ணன், தம்பி, மனைவியின் அண்ணன், தம்பி, அக்கா கணவர், தங்கை கணவர் எல்லோரும் குஞாதோ. நாத்தனார், கொழுந்தியாள், அண்ணி, தம்பி மனைவி எல்லோரும் குஞாதா. தமிழில் மைத்துனர், மச்சான், கொழுந்தன், அத்தான், அத்திம்பேர் என்று விரிகிற ஒரு முழு வரிசை இரண்டே சொற்களுக்குள் மடங்கிவிடுகிறது. மூலமான லத்தீன் சொல்லின் பொருள் ‘உடன் பிறந்தவர்’, அதாவது ரத்த உறவினர். அது காலப்போக்கில் கல்யாண உறவினர் எவருக்கும் ஆகிவந்து, பிறகு மைத்துனரோடு நின்றுவிட்டது. இன்றைய ஸ்பெயினில் இதற்குக் கேலிப்பொருளும் உண்டு. விருந்து மேசையில் உட்கார்ந்து எதைப் பற்றியும் எல்லாம் தெரிந்ததுபோல் பேசுகிற ஆளுக்கு ‘குஞாதோ’ என்று பெயர். சொந்த மைத்துனராக இருக்க வேண்டிய அவசியம் இல்லை. அதனால், முன்பின் தெரியாதவரைச் சிநேகமாக மச்சான் என்று விளிக்கும் தமிழ் வழக்கத்தை ஸ்பெயினுக்குள் கொண்டுபோகாதீர்கள்.

இந்த இடத்தில் ஒருவர் கேட்கலாம்: இவ்வளவு சுருங்கிய சொற்களஞ்சியம் என்றால், ஆங்கிலப் பட்டியலையே நம்பிப் படித்தால் என்ன, அதுவும் சுருங்கியதுதானே? நியாயமான கேள்வி. ஆனால் ஆங்கிலம் வழியாகப் போகிறவர் தமிழரிடம் ஏற்கெனவே இருக்கிற இரண்டு சாவிகளைத் தொலைத்துவிடுகிறார். மகளைக் கொடுத்த வீட்டாரும் மகனைக் கொடுத்த வீட்டாரும் ஒருவருக்கொருவர் என்ன உறவு? தமிழில் சம்பந்தி. ஆங்கிலத்தில் அன்றாடச் சொல் கிடையாது. ஸ்பானியத்தில் உண்டு: கொன்சுவெக்ரோ, கொன்சுவெக்ரா. நம் பிள்ளைக்கு மாமனாராக இருப்பவர், நம்மைப் போலவே மாமனார் ஆனவர் என்று சொல்லின் அமைப்பே சொல்லிவிடுகிறது. அடுத்தது சகலை. மனைவியின் தங்கையைக் கட்டியவரை ஆங்கிலத்தில் சொல்ல ஒரு முழு வாக்கியம் வேண்டும். ஸ்பானியத்தில் கொன்குஞாதோ, மெக்சிகோவிலும் மத்திய அமெரிக்காவிலும் கொன்குஞோ. கணவனின் தம்பி மனைவியாகிய ஓரகத்திக்கும் இதே சொல்லின் பெண்பால். பாடநூல்கள் ஆங்கில வாசகரை மனதில் வைத்து எழுதப்படுவதால் இந்த இரண்டு சொற்களையும் பெரும்பாலும் கடைசிப் பக்கத்து அருஞ்சொல்லாக ஒதுக்கிவிடுகின்றன. தமிழருக்கு முதல் வாரத்திலேயே பாடமாகக் கூடியவை இவைதாம். இங்கே மட்டும் பென்சில் முறை பலிக்கும்.

இதற்கும் ஒரு மறுப்பு எழும்: கொன்குஞாதோ என்ற சொல்லைப் பேச்சில் யார் பயன்படுத்துகிறார்கள்? மெக்சிகோவில் தாராளமாக. ஸ்பெயினில் பல வீடுகளில் கொன்குஞாதோவும் வெறும் குஞாதோ ஆகிவிடுகிறார். வரலாற்றிலேயே இதற்குச் சான்று உண்டு. சர்வாதிகாரி ஃபிராங்கோவின் மனைவி கார்மென் போலோ. அவருடைய தங்கை சீத்தா போலோவைக் கட்டியவர் ராமோன் செர்ரானோ சுஞேர். ஃபிராங்கோவின் ஆட்சியில் முதலில் உள்துறை, பிறகு 1940 முதல் 1942 வரை வெளியுறவுத் துறை அமைச்சராக இருந்து பெரும் அதிகாரம் செலுத்தியவர். ‘ஹெனரலீஸிமோ’ என்று ஃபிராங்கோவுக்கு இருந்த பட்டத்தைக் கிண்டல் செய்து, நாடே இவரை ‘குஞாதீஸிமோ’, அதாவது மைத்துனர்களிலேயே தலையாய மைத்துனர், என்றது. உறவுக்கணக்கு பார்த்தால் அவர் மைத்துனரே அல்ல, சகலை. அந்தப் பட்டப்பெயரில் கொன்குஞாதோ நிற்கவில்லை. ஆகவே நீங்கள் சொல்லும்போது நுணுக்கமான சொல்லைப் பயன்படுத்தலாம், எவரும் குறை சொல்லமாட்டார்கள். மற்றவர் சொல்லக் கேட்கும்போது குஞாதோ என்றால் சகலையாகவும் இருக்கலாம் என்று இடம் விட்டுக்கொள்ளுங்கள்.

அடிப்படைச் சொற்களுக்கு வெளியே உள்ள கல்யாண உறவினரைக் குறிக்க ஸ்பானியம் வைத்திருக்கும் கருவி ‘பொலீத்திக்கோ’ என்ற அடைமொழி. அரசியலுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. தீயா பொலீத்திக்கா என்றால் கல்யாணத்தால் வந்த அத்தை அல்லது சித்தி, ப்ரீமோ பொலீத்திக்கோ என்றால் கணவன் அல்லது மனைவியின் சித்தப்பா, மாமா பிள்ளை போன்றவர். மொத்தப் புகுந்த வீட்டையும் ஃபமீலியா பொலீத்திக்கா என்கிறார்கள். இதில் ஒரு கண்ணி இருக்கிறது. எர்மானோ பொலீத்திக்கோ என்று சேர்த்துச் சொன்னால் மைத்துனர். நடுவில் ‘எஸ்’ என்ற வினைச்சொல் வந்து எர்மானோ எஸ் பொலீத்திக்கோ ஆனால், ‘அண்ணன் அரசியல்வாதி’. வீட்டுப் பேச்சில் இந்த அடைமொழி அபூர்வம். சித்தப்பாவின் மனைவியை எல்லோரும் வெறும் தீயா என்றே சொல்வார்கள். அது கட்டாயமாக வருகிற இடம் ஸ்பெயின் செய்தித்தாள்களின் இரங்கல் விளம்பரம். எஸ்கெலா எனப்படும் அந்தக் கறுப்புக் கட்டத்துக்குள் இறந்தவரின் பெயருக்குக் கீழே மனைவி, மக்கள், மருமக்கள், பேரர்கள், உடன்பிறந்தோர், மைத்துனர்கள், உடன்பிறந்தோர் மக்கள், பிற குடும்பத்தார் என்று வரிசை போகும். அங்கே மருமக்கள் இஹோஸ் பொலீத்திக்கோஸ், மைத்துனர்கள் எர்மானோஸ் பொலீத்திக்கோஸ். யெர்னோவும் குஞாதோவும் அந்தச் சடங்குநடைக்குப் பொருந்தாத பேச்சுச் சொற்களாகிவிடுகின்றன. எஸ்கெலாக்கள் நான்கைந்தை எடுத்து வாசிப்பது இந்த அத்தியாயத்துக்கு நல்ல பயிற்சி. ரத்தம் முதலில், அதன் பக்கத்திலேயே அதற்கு இணையான கல்யாண உறவு என்று மொழி எப்படி ஜோடி ஜோடியாக அடுக்குகிறது என்பது அச்சிலேயே தெரியும்.

இவ்வளவு சுருக்கிவிட்டால் உறவின் நுட்பம் போய்விடாதா என்பது தமிழ் வாசகரின் இயல்பான ஆதங்கம். மூத்தவர் இளையவர் வேறுபாடு தெரியாத மொழியில் மரியாதை எப்படி நிற்கும்? நுட்பம் போகவில்லை, வேறு இடத்துக்கு நகர்ந்திருக்கிறது என்பதே என் பதில். தேவைப்படும்போது ஸ்பானியர் உறவைப் பெயராகச் சொல்லாமல் வழியாகச் சொல்வார்கள்: என் கணவரின் மூத்த சகோதரி, என் அம்மாவின் இளைய சகோதரர். மயோர் (மூத்த), மெனோர் (இளைய) என்ற இரண்டு அடைமொழிகளையும், ‘இன்னாருடைய’ என்பதற்கு ‘தே’ என்ற இடைச்சொல்லையும் கற்றவர் எந்த உறவையும் இப்படிச் சங்கிலியாகக் கோத்துவிடலாம். எந்தப் பக்கம் என்பதைக் குடும்பப் பெயரே காட்டிவிடுகிறது. ஸ்பெயினில் ஒவ்வொருவருக்கும் இரண்டு குடும்பப் பெயர்கள். வழக்கமாக முதலாவது அப்பாவுடையது, இரண்டாவது அம்மாவுடையது. வரிசையை மாற்றிக்கொள்ளவும் இன்று சட்டம் இடம் தருகிறது. கல்யாணமானாலும் பெண் தன் பெயரை மாற்றுவதில்லை. உங்கள் கணவரின் இரண்டு குடும்பப் பெயர்களில் ஒன்று சுவெக்ரோவின் வீடு, இன்னொன்று சுவெக்ராவின் வீடு. தமிழ் உறவுப்பெயருக்குள்ளேயே வைக்கிற தகவலை அவர்கள் ஆளின் பெயரில் வைக்கிறார்கள். மரியாதை இருப்பது முன்னிலைப் பெயரிலும் அதற்கேற்ற வினையிலும்: தூ என்றால் நீ, உஸ்தெத் என்றால் நீங்கள்.

அழைப்பது எப்படி என்பதில்தான் நடைமுறைச் சிக்கல் அதிகம். மேலே சொன்ன சொற்கள் பெரும்பாலும் ஒருவரைப் பற்றிப் பிறரிடம் பேசுவதற்கானவை. நேரில் அழைக்கப் பெயரே வழக்கம். ஸ்பெயினில் மருமகள் மாமியாரைப் பெயர் சொல்லி, தூ போட்டுப் பேசுவது பல வீடுகளில் இயல்பு. அதில் அவமதிப்பு ஏதும் இல்லை. மெக்சிகோவிலும் கொலம்பியாவிலும் பெயருக்கு முன்னால் தோன், தோஞா சேர்த்து உஸ்தெத் போடுகிற வீடுகள் ஏராளம். கொலம்பியாவின் சில பகுதிகளில் கணவன் மனைவியே ஒருவரையொருவர் உஸ்தெத் என்பார்கள். அர்ஜென்டினாவில் தூ-வின் இடத்தில் வோஸ். உஸ்தெத்தில் தொடங்குங்கள், ‘துத்தேயாமே’, அதாவது என்னை நீ என்றே கூப்பிடு, என்று அவர்களே சொன்னதும் மாறிக்கொள்ளுங்கள். மெக்சிகோவில் ஒருவருடைய அம்மாவைக் குறிப்பிடும்போது மாத்ரே என்ற சொல்லைத் தவிர்த்து மமா என்று சொல்லுங்கள். அங்கே மாத்ரே பல வசைகளுக்குள் புகுந்து கெட்டுப்போயிருக்கிறது. நல்லெண்ணத்தோடு விசாரித்தாலும் விபரீதமாகக் கேட்கலாம். ஸ்பெயினில் தீயோ, தீயா என்று இளைஞர்கள் ஒருவரையொருவர் விளிப்பது ‘டேய்’ போன்றது. தெருவில் போகிற பெரியவரை மாமா என்று மரியாதையாக அழைப்பதாக நினைத்து அந்தச் சொல்லை எடுத்துவிடாதீர்கள். மனைவியைக் குறிக்க ஸ்பெயினில் முஹேர், அமெரிக்க நாடுகளில் எஸ்போஸா அதிகம். கல்யாணம் ஆகாமல் சேர்ந்து வாழ்பவருக்கு எங்கும் பரேஹா; ஆண் பெண் இருபாலுக்கும் அதே சொல். அவருடைய பெற்றோரையும் பேச்சில் சுவெக்ரோஸ் என்றே சொல்கிறார்கள், தாலிக்கும் பதிவுக்கும் காத்திருப்பதில்லை.

மறுமணத்தால் வரும் உறவுகளுக்கு பத்ராஸ்த்ரோ (மாற்றாந்தந்தை), மத்ராஸ்த்ரா (மாற்றாந்தாய்), இஹாஸ்த்ரோ (மாற்றான் பிள்ளை) என்ற சொற்கள் உண்டு. ஆனால் இந்த ‘ஆஸ்த்ரோ’ விகுதி இழிவைக் குறிக்கும் விகுதியும்கூட. மட்டமான கவிஞனைப் போயெத்தாஸ்த்ரோ என்பார்கள். அதனால் பலர் ‘என் அம்மாவின் கணவர்’, ‘என் அப்பாவின் பரேஹா’ என்று வழியாகவே சொல்கிறார்கள். நீங்களும் அப்படியே சொல்வது நல்லது. ஞானஸ்நானத்தால் உண்டாகும் உறவு தனி. குழந்தையின் ஞானத்தந்தையும் பெற்ற தந்தையும் ஒருவருக்கொருவர் கொம்பாத்ரே. லத்தீன் அமெரிக்காவின் பல கிராமங்களில் இந்தப் பிணைப்பு ரத்த உறவுக்கு ஈடாக நிற்பதை சிட்னி மின்ட்ஸும் எரிக் உல்ஃபும் 1950இல் விரிவாக ஆராய்ந்து எழுதினார்கள். அதற்கு இந்நூலில் வேறோர் அத்தியாயம் தேவைப்படும்.

கடைசியாக, அலுவலகத் தாள்கள். பேச்சில் தவறினால் சிரிப்போடு போய்விடும், விண்ணப்பத்தில் தவறினால் கோப்பு திரும்பி வரும். சட்டம் உறவைப் படிகளாக எண்ணுகிறது. பொது மூதாதை வரை ஏறி, மறுபக்கம் இறங்கி, ஒவ்வொரு தலைமுறைக்கும் ஒரு படி. இந்தக் கணக்கில் அப்பா முதல் படி, அண்ணன் இரண்டு, சித்தப்பா மூன்று, அவர் பிள்ளை நான்கு. கணவன் அல்லது மனைவியின் ரத்த உறவினர் எந்தப் படியில் இருக்கிறாரோ அதே படியில் உங்களுக்குக் கல்யாண உறவினர். அதற்கு அஃபினிதாத் என்று பெயர். மாமனார் முதல் படி, மைத்துனர் இரண்டாம் படி. ஸ்பெயினின் தொழிலாளர் சட்டம் 37ஆம் பிரிவில் இரண்டாம் படி வரையிலான உறவினர் இறந்தால் ஊதியத்துடன் இரண்டு நாள் விடுப்பு தருகிறது, வெளியூர்ப் பயணம் தேவைப்பட்டால் நான்கு நாள். கடும் நோய்க்கோ மருத்துவமனையில் சேர்த்தாலோ 2023 முதல் ஐந்து நாள். மாமியாருக்கும் மனைவியின் தாத்தாவுக்கும் இது கிடைக்கும், மனைவியின் சித்தப்பாவுக்குக் கிடைக்காது. அவர் மூன்றாம் படி. சம்பந்திக்கு மொழியில் சொல் இருந்தாலும் இந்தப் படிக்கணக்கில் இடம் இல்லை, ஏனென்றால் கல்யாண உறவு இன்னொரு கல்யாண உறவைப் பெற்றெடுப்பதில்லை என்பது பழைய திருச்சபைச் சட்டத்திலிருந்தே வருகிற கோட்பாடு.

குடும்பத்தை ஸ்பெயினுக்கு அழைத்துக்கொள்ளும் விண்ணப்பத்தில் இந்தக் கண்டிப்பு இன்னும் கூர்மையாகும். 2000ஆம் ஆண்டின் அயல்நாட்டார் சட்டம் துணையையும் பிள்ளைகளையும், தம்மை நம்பி வாழும் 65 வயது தாண்டிய பெற்றோரையும் துணையின் பெற்றோரையும் அனுமதிக்கிறது. சுவெக்ரோஸ் உள்ளே, எர்மானோஸ் வெளியே. பெரியப்பா மகனை அண்ணன் என்று அழைத்து வளர்ந்தவர் உறவினர் விவரம் கேட்கும் எந்தப் படிவத்திலும் எர்மானோ என்று எழுதினால், பிறப்புச் சான்றிதழிலுள்ள பெற்றோர் பெயர் ஒத்துவராது. அதிகாரிக்கு அது பொய்த் தகவலாகத் தெரியும். அவருக்கு எழுத வேண்டிய சொல் ப்ரீமோ. பேச்சில் நெருக்கம் காட்ட ப்ரீமோ எர்மானோ என்று சொல்லலாம், நேர் ஒன்றுவிட்ட சகோதரர் என்று பொருள். தாளில் அந்த இரண்டாம் சொல்லை மட்டும் தனியாக எடுத்து எழுதிவிடாதீர்கள்.